லயன்ஃபிஷ், ஈல், களவா இருக்கிற டேங்க்ல மேக்ரோ ஆல்கே (கடல்பாசி) வளருமா? வளரும், ஆனா தீனிக் கணக்கு பாத்து வளர்க்கணும்

தம்பி, உங்க கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கடலூர்ல வீட்டுல 4க்கு 2க்கு 2 அடி சால்ட்வாட்டர் டேங்க், கீழ 3 அடி சம்ப் (ஃபில்டர் வைக்கற தொட்டி), நுரையா கழிவ பிரிச்செடுக்கற ஸ்கிம்மர் இருக்கு. உள்ள ஒரு லயன்ஃபிஷ், ஒரு ஸ்னோஃப்ளேக் ஈல் (அஞ்சாளை வகை), ஒரு சின்ன பாந்தர் குரூப்பர் (களவா வகை). வாரம் மூணு தடவ மார்க்கெட் இறாலும் மீன் துண்டும் போடறீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 20 சதவீதம் தண்ணி மாத்தறீங்க, அப்படியும் மீன் கழிவுல இருந்து வர்ற நைட்ரேட் 80க்கும் 100 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு மில்லிகிராம்) நடுவுலயே நிக்குது. ஒரு உருண்டை கீட்டோ (கீட்டோமார்ஃபா, நூல்கண்டு மாதிரி இருக்கற பச்சைக் கடல்பாசி) வாங்கி டேங்க் மூலைல கட்டி விட்டீங்க, மூணு வாரத்துல வெள்ளையாகி கரைஞ்சு போச்சு. இந்த மீனுங்களோட பாசி வளருமா, கடல்ல இருந்தே எடுத்துட்டு வரலாமா, அடுத்து ஒரு ட்ரிகர் மீன் வாங்கலாமா, இதான கேட்டீங்க.

வளரும். நல்லாவே வளரும். என்னைக் கேட்டா பவளம் வளர்க்கற ரீஃப் டேங்க்க விட, உங்களோடது மாதிரி வேட்டை மீன் இருக்கற பிரிடேட்டர் டேங்க்தான் கடல்பாசிக்கு சரியான எடம். ரீஃப் டேங்க்ல டேங், ஏஞ்சல், ஃபாக்ஸ்ஃபேஸ்னு ஒரு மீனாவது இருக்கும், அதுங்க பாசிய பாத்தா விடாது, அது போக நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் பத்தாம பாசி இளைச்சுப் போவும். உங்க டேங்க்ல பாசிய திங்கறவனும் கெடையாது, உரத்துக்கும் பஞ்சம் கெடையாது. லயன்ஃபிஷ், அஞ்சாளை, களவா, ஸ்கார்பியன்ஃபிஷ், ஃப்ராக்ஃபிஷ் எல்லாம் சுத்த மாமிசம், பாசிய வாயில வைக்காது. இறால் துண்டு பாசிக்குள்ள விழுந்தா அதோட சேத்து ஒரு கடி வரும், அவ்ளோதான், பிடிக்கலன்னா துப்பிடும்.

இப்ப கணக்குக்கு வரேன், நெறைய பேர் இத போடறதே இல்ல, போட்டா தான் உங்க 80 எங்கருந்து வருதுன்னு தெரியும். ஒரு தடவைக்கு 15 கிராம் தீனின்னு வைங்க, வாரத்துக்கு 45 கிராம். இறால், மீன் சதைல சுமாரா அஞ்சுல ஒரு பங்கு புரோட்டீன், அதாவது 9 கிராம். புரோட்டீன்ல 16 சதவீதம் நைட்ரஜன், அது ஒரு 1.4 கிராம் வருது. அதுல ஒரு பகுதி மீன் வளர்ச்சிக்குப் போவும், மிச்சம் பெரும்பகுதி செவுள் வழியா அம்மோனியாவா வெளிய வரும், ஒரு கிராம்னு வச்சுக்குவோம். பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்தும்போது எடை 4.4 மடங்கு ஆகும். உங்க டேங்க், சம்ப், கல்லு எல்லாம் கழிச்சு தண்ணி 400 லிட்டர்னு எடுத்தா வாரத்துக்கு 11 பிபிஎம் ஏறுது, ரெண்டு வாரத்துக்கு 22. நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சுல ஒரு பங்கு தண்ணி எடுக்கறீங்க, அப்படின்னா 110ல இருக்கும்போது எடுத்தாதான் 22 வெளிய போவும், திரும்ப 88க்கு வரும். ஸ்கிம்மர் கொஞ்சம் இழுக்கறதால உங்களுக்கு 80, 100ன்னு நிக்குது. டெஸ்ட் கிட் தப்பு காட்டல, உங்க ஃபில்டரும் நல்லாதான் இருக்கு, உள்ள போறதும் வெளிய வர்றதும் அந்த அளவுலதான் சமமாகும்.

இதே கணக்க பாசி பக்கம் திருப்புங்க. ஈரப்பாசில பத்துல ஒன்பது பங்கு தண்ணி. காஞ்ச எடைல ஒரு 3 சதவீதம் நைட்ரஜன் இருக்கும், நைட்ரேட் நெறைய இருக்கற தண்ணில வளர்ற பாசில கொஞ்சம் கூடவே இருக்கும். அப்போ 100 கிராம் ஈரப்பாசி அறுத்து வெளிய போட்டா 0.3 கிராம் நைட்ரஜன் வெளிய போச்சு. உங்க டேங்க்ல வாரத்துக்கு ஒரு கிராம் போவணும்னா 300 கிராமுக்கு மேல அறுக்கணும். தண்ணி சொட்டி முடிஞ்ச பிறகு 300 கிராம்னா ரெண்டு கையும் கொள்ளாத அளவு. டேங்க் மூலைல கட்டின ஒரு உருண்டை எப்பிடி அந்த வேலைய செய்யும்? அதனால பாசி போட்டா தண்ணி மாத்தவே வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாரம் 150 கிராம் அறுக்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிட்டா பாதி பாரம் எறங்கிடும், மிச்சத்த ஸ்கிம்மரும் தண்ணி மாத்தறதும் பாத்துக்கும், நைட்ரேட் 40, 50க்கு வந்துடும். இந்த மீனுங்களுக்கு அது போதும், அஞ்சுக்கு கீழ கொண்டு வரணும்னு அலைய வேண்டியதில்ல.

அறுக்கறதுதான் முக்கியம், அறுக்காம விட்டா பாசி உறிஞ்சினதெல்லாம் டேங்க்குள்ளயேதான் இருக்கு, உள்பக்கம் வெளிச்சம் படாம அழுகினா திரும்ப தண்ணிக்கே வந்துடும். கீரைப்பாத்தி மாதிரி கிள்ளிக்கிட்டே இருந்தாதான் துளிர்க்கும்.

உங்க கீட்டோ ஏன் கரைஞ்சுதுன்னா, நீங்க அனுப்பின விவரத்த வச்சு மூணு காரணம் தெரியுது. ஒண்ணு வெளிச்சம். நீங்க வச்சிருக்கறது நீல ரீஃப் எல்இடி, அதையும் லயன்ஃபிஷ் ஒளிஞ்சுக்குதுன்னு கொறச்சு வச்சிருக்கீங்க. மூலைல பாசிக்கு என்ன கிடைச்சிருக்கும்? ரெண்டு, அழுக்கு. பிரிடேட்டர் டேங்க்ல மீன் கழிவு பெருசு பெருசா வரும், ஈல் சாப்பிடும்போது சதைத் துணுக்கு பறக்கும், அதெல்லாம் ஒரே எடத்துல கட்டி வச்ச கீட்டோ உருண்டைக்குள்ள போய் மாட்டிக்கும். ஒரு உருண்டைய எடுத்து பக்கெட்ல உதறி பாருங்க, தண்ணி டீக்கலர் ஆயிடும். வெளிப்பக்கம் பச்சையா இருக்கும், விரலால பிரிச்சா நடுவுல வெளுத்து கொழகொழன்னு, மோந்து பாத்தா சாக்கடை வாசம் வரும். அங்கருந்துதான் கரைய ஆரம்பிக்கும். மூணு, சூடு. மே மாசம் கத்திரில போட்டிருக்கீங்க, டேங்க் 31, 32 போயிருக்கும். கீட்டோவுக்கு 24ல இருந்து 28 வரைக்கும் சுகம், 30க்கு மேல போனா வளர்ச்சி நின்னு போவும், மேல சொன்ன ரெண்டும் சேந்தா செத்துடும்.

நாலாவதா ஒரு சந்தேகம், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தப்ப டேங்க்லயே காப்பர் மருந்து ஊத்தினீங்களா? ஊத்தியிருந்தா பாசிக்கு அதுவே விஷம். கல்லும் மணலும் காப்பர இழுத்து வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும். அப்படின்னா மொதல்ல நல்ல கார்பன் (ஃபில்டர்ல போடற கரி), காப்பர் பிடிக்கற ரெசின் போட்டு ஓட்டி, டெஸ்ட்ல சுத்தமா இல்லன்னு பாத்துட்டு பாசி போடுங்க. இனிமே மருந்து எதுன்னாலும் தனி டேங்க்ல.

சரி, எப்படி பண்றது. டிஸ்ப்ளேல, அதாவது மேல மீன் இருக்கற டேங்க்ல, அழகுக்கு ஒரு பாசி, சம்ப்ல வேலைக்கு ஒரு பாசின்னு ரெண்டா பிரிச்சுக்கங்க. ரெண்டையும் ஒரே எடத்துல எதிர்பாத்தா ரெண்டும் நடக்காது, லயன்ஃபிஷுக்கு மங்கலா, ஒதுங்க நெழலா வேணும், வேகமா வளர்ற பச்சைப்பாசிக்கு கண்ணு கூசற வெளிச்சம் வேணும்.

சம்ப்ல நடு அறைய காலி பண்ணுங்க, பயோபால், ஸ்பாஞ்ச் எல்லாம் எடுத்துடுங்க. எலெக்ட்ரிக் கடைல கிடைக்கற 50 வாட் எல்இடி ஃபிளட்லைட், 6500 கெல்வின் வெள்ளை, அதுவே தாராளம், உள்ள ஈரம் போவாத டைப்பா பாத்து வாங்குங்க, தண்ணிக்கு ஒரு அடி மேல கம்பிச் சட்டத்துல தொங்க விடுங்க, ஒயர் சுவத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணி ஒயர் வழியா பிளக்குக்கு போவாது. கரண்ட் கசிஞ்சா லைன துண்டிக்கற இஎல்சிபி கட்டாயம் இருக்கணும், உப்புத்தண்ணி பக்கம் கரண்ட்டுல சிக்கனம் பாக்காதீங்க. ராத்திரி டிஸ்ப்ளே லைட் அணைஞ்ச பிறகு இது எரியணும், சாயங்காலம் 7ல இருந்து காலைல 7 வரைக்கும் டைமர்ல போடுங்க. பாசி வெளிச்சத்துல கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி ஆக்சிஜன விடும், ராத்திரி மீன் மட்டும் மூச்சு விடற நேரத்துல பிஹெச் எறங்காம புடிச்சுக்கும். வளர்ற களவாவுக்கு இது நல்ல ஒத்தாசை.

உள்ள கீட்டோ போடுங்க, ஆனா கட்டி வைக்காதீங்க, தண்ணி கீழருந்து வந்து உருட்டற மாதிரி சின்ன பம்ப் ஒண்ண வச்சு உருளட்டும். உருளலன்னா வாரம் ஒரு தடவ எடுத்து, மாத்தறதுக்கு எடுத்த டேங்க் தண்ணியிலயே பக்கெட்ல நல்லா அலசி, பாதிய வெளிய போட்டு மீதிய திருப்பி வைங்க. டேங்க் தண்ணி சம்ப்ல விழற ஓவர்ஃப்ளோ வாயில ஃபில்டர் சாக் (வடிகட்டற துணிப்பை) கட்டி அத ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துங்க, பெரிய அழுக்கு பாசி கிட்ட வரவே கூடாது.

கீட்டோ வேணாம்னா கிராசிலேரியாங்கற பாசி. நம்ம ராமநாதபுரம் பக்கம் கஞ்சிப்பாசின்னு சொல்றாங்களே, அதே குடும்பம்தான். கீட்டோவ விட மெதுவா வளரும், சூட்ட கொஞ்சம் நல்லா தாங்கும், அழுக்கு உள்ள மாட்டறதும் கம்மி. உல்வா (எலை எலையா வர்ற பச்சைப்பாசி) இன்னும் வேகம், ஆனா எலை கிழிஞ்சு பம்ப்புக்குள்ள போய் அடைக்கும், வல கட்டி தடுப்பு வைக்கணும்.

காலர்ப்பாங்கற பச்சைப்பாசி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா கடைல மொதல்ல அதத்தான் எடுத்துத் தருவாங்க. பாக்க அழகு, வளர்றதும் பேய் வேகம். ஆனா காலர்ப்பா முழுக்க ஒரே ஒரு செல், குறுக்குச் சுவரே கெடையாது, அது இனப்பெருக்கம் பண்ணணும்னு முடிவு பண்ணிட்டா உள்ள இருக்கறது மொத்தத்தையும் தண்ணில கொட்டிட்டு செத்துடும். முந்தின நாள் எலை நுனி கண்ணாடி மாதிரி ஆவும், மேல மெல்லிசா பச்சை நரம்பு வலை தெரியும், மறுநாள் காலைல தண்ணி பச்சை மோர் மாதிரி இருக்கும். அந்த நேரத்துல ஆக்சிஜன் சட்டுனு எறங்கும், மொதல்ல திணர்றது பெரிய மீன்தான். அந்த கண்ணாடி நுனிய பாத்த உடனே அந்தக் கொடிய முழுசா உருவி வெளிய போட்டு, கார்பன் மாத்தி, ஏர் பம்ப் போட்டுடுங்க. தெனமும் டேங்க்க உத்துப் பாக்கற பழக்கம் இருந்தா வளர்க்கலாம். வேலைக்கு வெளியூர் போற ஆளுன்னா வேணாம்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, காலர்ப்பாவோ எதுவோ, வெட்டின பாசிய உப்பனாத்துலயோ கெடிலத்துலயோ கடல்லயோ கொட்டாதீங்க. காலர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984ல மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழ ஒரு சின்னத் திட்டா கண்டுபிடிச்சாங்க, அப்புறம் மத்தியதரைக் கடல்ல ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவிடுச்சு. 2000ல கலிஃபோர்னியால ஒரு காயல்ல தலை காட்டுச்சு, ஒழிச்சு முடிச்சோம்னு அவங்க அறிவிக்க 2006 ஆச்சு. நம்ம மன்னார் வளைகுடாவுலயே பெப்சி பாசின்னு மக்கள் சொல்ற கப்பாஃபைகஸ், வருமானத்துக்காக கொண்டு வந்து மூங்கில் தெப்பத்துல கட்டினது, குருசடைத் தீவு பக்கம் பவளப்பாறை மேல ஏறி மூடிடுச்சுன்னு 2008லயே ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. பாசி ஒரு துண்டு போதும், அது பாட்டுக்கு ஒரு செடி ஆயிடும். வெட்டினத நல்ல தண்ணில ரெண்டு தடவ அலசி, வெயில்ல காய வச்சு, தென்னை மரத்தடில போடுங்க, இல்ல உரக்குழில போடுங்க.

டிஸ்ப்ளேக்கு வருவோம். இங்க செவப்புப் பாசிங்கதான் என் விருப்பம், கம்மி வெளிச்சத்துல நிக்கும், நீல லைட்டுலயும் கலர் எடுக்கும். கிராசிலேரியால செவப்பு வகை, ஹாலிமேனியா, பாட்ரியோக்ளாடியான்னு சின்னச் சின்ன திராட்சை மாதிரி காய்ச்ச ஒண்ணு, கடைக்காரர் கொண்டு வந்தா எடுங்க. பச்சைல ஹாலிமெடா நல்லா இருக்கும், அது சுண்ணாம்பு கட்டற பாசி, அதனால கால்சியம் 400க்கு மேல, கேஹெச் (கார்பனேட் அளவு) 8, 9 இருக்கணும். செவப்புப் பாசிக்கு நடுவுல லயன்ஃபிஷ் அசையாம நிக்கறத பாருங்க, துடுப்ப விரிச்சுக்கிட்டு பாசியோட பாசியா ஆடும், வெறும் கல்லு டேங்க்ல மூலைல பதுங்கற அதே மீன் இங்க நடு டேங்க்ல வந்து நிக்கும், மறைவு இருக்குன்னு அதுக்கு தைரியம். பாசி வைக்க இந்த ஒரு காரணமே போதும்னு நான் நெனைக்கறேன்.

ஆனா மணல்ல நடாதீங்க. ஈல் ராத்திரி மணல உழுது, களவா வாலால ஒரு அடி அடிச்சா எல்லாம் பறக்கும். கல்லுலதான் கட்டணும். கையளவு கல்லு எடுத்து, பாசியோட அடிப்பிடிய கல்லு இடுக்குல வச்சு, மெல்லிசு தங்கூஸ் நரம்பால ரெண்டு சுத்து, இறுக்கிக் கட்டாம, அப்புறம் முடிச்சு மேல ஜெல் டைப் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. ரெண்டு மூணு வாரத்துல அதுவே பிடிச்சுக்கும், அப்ப நரம்ப அறுத்து எடுத்துடுங்க, அத மறந்தீங்கன்னா ஈல் மாட்டிக்கும். பெரிய கல்லெல்லாம் மணல் மேல நிக்கக்கூடாது, கண்ணாடி அடில நேரா உக்காரணும், இல்லன்னா ஈல் தோண்டி சரிச்சுடும்.

கல்லுன்னதும் சொல்றேன், பவளக் கல்லு, லைவ் ராக்குன்னு கடல்ல எடுத்தது யாராவது வித்தா வாங்காதீங்க. பவளம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பட்டியல் 1ல இருக்கு, வச்சிருந்தாலே கேஸ். செராமிக் கல்லு, உலர்ந்த செயற்கைக் கல்லு போதும், பாசிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பிரிடேட்டர் டேங்க்ல பாசி வளர்க்கறதுல நெஜமான சிக்கல் என்னன்னா, பாசிய மீன் திங்கறது இல்ல, பாசிய சுத்தம் பண்றவங்கள மீன் தின்னுடும். ரீஃப் டேங்க்ல நத்தை, ஹெர்மிட் நண்டு, இறாலுங்க எல்லாம் சேந்து மேக்ரோ மேல படியற மயிர்ப்பாசிய மேஞ்சுக்கிட்டு இருக்கும். உங்க ஸ்னோஃப்ளேக் ஈலுக்கு நண்டு, இறால்னா உயிரு, ஒண்ணையும் விடாது. இந்த நைட்ரேட்டுல மயிர்ப்பாசி செவப்புப்பாசி எலை மேல படிஞ்சா ஒரு மாசத்துல மூடிடும். அதுக்கு என்ன வழின்னா, பெரிய டர்போ நத்தை நாலஞ்சு போடுங்க, லயன்ஃபிஷும் ஸ்னோஃப்ளேக்கும் பெரும்பாலும் ஓட்டுக்குள்ள இருக்கற நத்தைய தொல்லை பண்ணாது. அப்புறம் பழைய டூத்பிரஷ்ஷும் ரெண்டு விரலும்தான். எலைய விரலுக்கு நடுவுல வச்சு மெதுவா உருவினா மயிர்ப்பாசி வந்துடும், கல்லோட வெளிய எடுத்து பக்கெட்ல வச்சு பண்ணுங்க. இன்னொரு வழியும் இருக்கு, பிளாக் மோலிய சொட்டு சொட்டா உப்புக்குப் பழக்கினா முழுக் கடல் தண்ணிலயும் நிக்கும், மயிர்ப்பாசிய நல்லா மேயும், ஆனா லயன்ஃபிஷ் வாய்க்குள்ள போற வரைக்கும்தான், அதனால அத சம்ப்ல விடுங்க.

கைய உள்ள விடறதுக்கு முன்னாடி லயன்ஃபிஷ் எங்கன்னு பாத்துட்டுதான் விடணும், இது கட்டாயம். பாசி அடர்த்தியா ஆன பிறகு அது உள்ள நின்னா கண்ணுக்கே தெரியாது. முதுகுல 13, கீழ துடுப்புகள்ல 5, மொத்தம் 18 விஷ முள்ளு. கண்ணாடித் தடுப்பு, இல்ல சீலிங் லைட்டுக்கு போடற பிளாஸ்டிக் கிரில் ஒண்ண டேங்க் அகலத்துக்கு வெட்டி வச்சுக்கங்க, மீன ஒரு பக்கம் ஒதுக்கி நடுவுல நிறுத்திட்டு மறுபக்கம் வேல பாருங்க. குத்திட்டா, தாங்கற அளவு சூடான தண்ணில, 45 டிகிரிக்கு மேல போகாம, 30ல இருந்து 90 நிமிஷம் கைய முக்கி வைக்கணும், சூடு எவ்ளோன்னு குத்துப்படாத கையால தொட்டுப் பாக்கணும், வலில அந்தக் கைக்கு சூடு தெரியாம வெந்து போயிடும். முக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்க, மூச்சு வாங்கினா, மயக்கம் வந்தா உடனே.

கடல்ல இருந்து எடுக்கலாமான்னு கேட்டீங்க. நம்ம கரை பெரும்பாலும் மணல், பாசி பிடிக்கக் கல்லு வேணும். அதனால புதுச்சேரி பீச் ரோடு ஓரம் கொட்டின கருங்கல்லு, மீனவ கிராமங்கள்ல போட்டிருக்கற தூண்டில் வளைவுக் கல்லு, அங்கதான் உல்வாவும் கொத்து கொத்தா அலை அடிக்கற எடத்துல நிக்கற கீட்டோமார்ஃபா ஆன்டெனினாவும் கிடைக்கும். அந்த ஆன்டெனினா கடைல விக்கற கீட்டோ கெடையாது, அதுக்கு அலை அடிச்சுக்கிட்டே இருக்கணும், டேங்க்ல நிக்கறது கஷ்டம். உல்வா வரும். ஆனா சாக்கடை கடல்ல சேர்ற எடத்துல எடுக்காதீங்க, சிப்காட் பக்கம், உப்பனாறு முகத்துவாரம் பக்கம் நான் எடுக்கவே மாட்டேன், பாசிக்கு உலோகத்த உறிஞ்சி சேத்து வைக்கற கொணம் உண்டு, அத கொண்டு வந்து டேங்க்ல போட்டா என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்துலயும் வேணாம். பாறை வழுக்கும், அலை நேரம் பாக்காம எறங்காதீங்க, தனியா போகாதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா தீவுகள்ல எதையும் எடுக்கக்கூடாது, அது சட்டம்.

கடைல வாங்கினாலும் கடல்ல எடுத்தாலும் நேரா டேங்க்ல போடாதீங்க. வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி முட்டைக்கூடா பாசிலயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு வரும். மீனே இல்லாத ஒரு தொட்டில, ஒரு லைட், ஒரு ஏர் பம்ப் வச்சு பத்து வாரத்துக்கு மேல வச்சிருந்து அப்புறம் மாத்துங்க. அதுக்குள்ள நண்டுக்குஞ்சு, ப்ரிசில் வார்ம் (முள்ளுப்புழு), ஆய்ப்டேசியா (கொட்டற சின்ன கடல் அனிமோன்) எது வந்திருக்குன்னும் தெரிஞ்சுடும். பொறுமை வேணும்தான், ஆனா லயன்ஃபிஷுக்கும் ஈலுக்கும் மருந்து குடுக்கறது அத விடப் பெரிய பாடு.

தண்ணி பத்தி. கடல் தண்ணி எடுத்து ஊத்தறவங்க ஐப்பசி கார்த்திகைல நிறுத்திடணும், கெடிலமும் பெண்ணையாறும் எறங்கும்போது கரையோரம் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்கு கீழ போவும், சேறும் வரும். மரக்காணம் பக்கம் ஈசிஆர்ல இறால் ஹாட்சரிங்க வடிகட்டின கடல் தண்ணி வச்சிருப்பாங்க, கேட்டா சில எடத்துல தருவாங்க, வாங்கினா உப்பளவு அளந்து, குளோரின் இருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க. உப்புப் பொடி கலக்கறதுன்னா போர் தண்ணி வேணாம், ஆர்ஓ தண்ணி, அதுவும் மினரல் சேக்கற கார்ட்ரிட்ஜ கழட்டிட்டு.

உரம் நெறைய இருக்குன்னு சொன்னேன்ல, ஒண்ணு மட்டும் கொறையும், இரும்பு. நைட்ரேட், ஃபாஸ்பேட் ரெண்டும் இருந்தும், வெளிச்சம் இருந்தும், புதுத் துளிர் வெளிர்மஞ்சளா வந்தா இரும்புதான். கடல் அக்வேரியத்துக்குன்னு விக்கற இரும்பு மருந்த டப்பால போட்ட அளவுல பாதி ஆரம்பிங்க. கூடவே, ஃபாஸ்பேட்ட ரிமூவர் போட்டு பூஜ்யம் பண்ணிடாதீங்க. கடல்பாசி 30 பங்கு நைட்ரஜனுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ்ங்கற கணக்குல எடுக்கும், அந்த ஒரு பங்கு இல்லன்னா நைட்ரேட் எவ்ளோ இருந்தாலும் தொடாது. ஃபாஸ்பேட் 0.1 பிபிஎம் பக்கம் இருக்கட்டும். பாசி நெறைய ஆன பிறகு தண்ணி லேசா மஞ்சளாவும், கார்பன் மாசம் ஒரு தடவ மாத்தினா தெளிஞ்சுடும்.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லியாவணும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடலூர் மாவட்டம் நாள்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்ல புதுச்சேரி தண்ணில நின்னுது. பம்ப் நின்னு இருட்டா இருந்தா பாசியும் மீனோட போட்டி போட்டு ஆக்சிஜன எடுக்கும், அடர்த்தியா இருக்கற அளவு ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்த உடனே பாதிப் பாசிய அறுத்துடுங்க, தீனிய நிறுத்திடுங்க, வளந்த லயன்ஃபிஷ், ஈல் எல்லாம் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு கைல இருக்கட்டும், ஒண்ணு டேங்க்குக்கு ஒண்ணு சம்ப்புக்கு. கோடைலயும் இதே ஜாக்கிரதை, கடல் தண்ணி 25 டிகிரில லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கும், 30ல 6.2தான், டேங்க் மேல மூடி இல்லாம ஃபேன் வச்சாலே ரெண்டு டிகிரி எறங்கும், முடிஞ்சா சில்லர். ஃபேன் வச்சா ஈல் வெளிய ஏறிடும், வலை மூடி போடுங்க.

ட்ரிகர் வேணாம் தம்பி. நம்மாளுங்க கிளாத்தின்னு சொல்ற மீன்தான், பிக்காசோ ட்ரிகர் கடல்லயே பாசியும் சேத்துத் திங்கற வகை, கடிக்கலன்னாலும் கல்லத் தூக்கிப் போடும், பாசியப் புடுங்கிப் போடும், உங்க டர்போ நத்தைய ஒடச்சுத் தின்னுடும், லயன்ஃபிஷோட நீளத் துடுப்பையும் கொறிக்கும். பேத்தை வகையும் அதே கததான். அதுக்கும் முன்னாடி, உங்க பாந்தர் குரூப்பர் ரெண்டு அடிக்கு மேல வளர்ற மீனு, இந்த டேங்க் அதுக்கே கொஞ்ச நாளைக்குதான், பெரிய தொட்டி வச்சிருக்கறவங்க யாருக்காவது குடுக்க இப்பவே பேசி வைங்க. அது போச்சுன்னா தீனி பாதியா கொறையும், அப்ப வாரம் 150 கிராம் பாசி அறுத்தாலே உங்க கணக்கு நேராயிடும்.

ஆரம்பிக்கறதுன்னா தை மாசம் ஆரம்பிங்க, தண்ணி தானா 26, 27ல நிக்கும், கத்திரி வர்றதுக்குள்ள பாசி வேர் புடிச்சு கனமாயிடும். அதுக்குள்ள ஃபாஸ்பேட் ரீடிங்கும், காப்பர் ஊத்தினீங்களா இல்லையாங்கறதும் சொல்லுங்க, அத வச்சு சம்ப் அறை அளவும் பம்ப் சைஸும் சொல்றேன்.